காணும் என்றால் காணும்

சின்னராசா பந்தியில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டால் தர்மபுரத்து ஆட்கள் முதல்நாள் இரவே வயிற்றைக் காயப்போட்டுவிடுவார்கள். இலையில் பச்சை தெரிவது அவருக்குப் பிடிக்காது. சோற்று வாளியோடு அவர் வரிசையில் இறங்கினால், கைகழுவ எழும்புகிறவனையும் தோளில் அமத்தி இருத்திவிட்டுத்தான் மறுவேலை. சீனி வருத்தக்காரர் ஒருவருக்கு இரண்டாம் தரம் பாயாசம் ஊற்றிவிட்டு, "இது வேற சட்டிப் பாயாசம், ஒண்டும் செய்யாது" என்று ஆறுதல் சொன்னவர். ஓமந்தைக்கு இந்தப் பக்கத்தில், அவர் பந்தி விசாரிக்காத கலியாணம் செல்லுபடியாகுமா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

அந்த மனுசனைத்தான் யப்பான்காரர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட, ஒரு தென்னங்காணிக்குள், ஒடா என்ற சமையல்காரரும் அவருடைய மனைவி ஃபுமியேயும் நடத்துகிற இடம் அது. பெயர்ப்பலகை கிடையாது. விலைப்பட்டியல் கிடையாது. இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கவும் முடியாது. தருவதைச் சாப்பிட வேண்டும். இந்த மூன்று குணமும் உள்ள வேறோர் இடம் சின்னராசாவுக்குத் தெரிந்திருந்தது, கோயில் அன்னதானம். ஆனால் அன்னதானத்துக்குக் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை. இவர்கள் ஏன் கிளிநொச்சிக்கு வந்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. குளத்துத் தண்ணீரின் ருசி பிடித்துப்போனது என்று ஒடாவே சொன்ன விளக்கத்தை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

சின்னராசாவின் ஒரே பிள்ளை கஜனி அங்கேதான் பரிமாறுகிறாள். அவளுடைய வேலையில் ஃபுமியேக்குப் பெரிய திருப்தி. மூன்று வருடத்துக்குத் தன்னோடு யப்பானுக்குக் கூட்டிப்போய், தன் தாய்வீட்டார் தலைமுறையாக நடத்தும் உணவகத்தில் வைத்துப் பழக்கி அனுப்ப வேண்டும் என்று விரும்பினார். அடுத்த கிழமை அவருக்குப் பயணம். அதற்குமுன் பெற்றோரின் வாயால் சம்மதம் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த விருந்து.

சின்னராசாவின் பதில் 'இல்லை'. விருந்துக்கு மட்டும் 'ஓம்'. சாப்பிடக் கூப்பிட்டால் போகாமல் விடுவது அவருடைய சமயத்தில் இல்லை.

"போய்ச் சாப்பிடுவம். நல்லாயிருக்கு எண்டு சொல்லுவம். பிள்ளையை அனுப்பேலாது எண்டு சொல்லுவம். வருவம்," என்று அவர் மனைவி விமலேஸ்வரிக்கு நிகழ்ச்சிநிரலை வாசித்தார்.

"பிள்ளை பாவம்."

"பாவம்தான். அதுக்கு நான் என்ன செய்ய?"

கஜனி கெஞ்சவில்லை, அழவில்லை, சாப்பிடாமல் படுக்கவில்லை. "நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ அப்பா" என்றதோடு வேலைக்குப் போய்விட்டாள். ஒருதரமாவது கெஞ்சியிருந்தால் மறுப்பதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று சின்னராசாவுக்கு எரிச்சலாக இருந்தது.

வெளிக்கிடுகிற நேரத்தில் விமலேஸ்வரி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "இஞ்சாருங்கோ, ஒரு பிடி புட்டைத் திண்டிட்டு வாங்கோ. அங்கை பச்சை மீனாம்."

"விருந்துக்குப் போறவன் வீட்டிலை திண்டிட்டுப் போறதோ? அவமானம்."

"ஆருக்கு?"

"புட்டுக்கு."

விமலேஸ்வரி புட்டின் மானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு தட்டு சாப்பிட்டாள். பிறகு மாசிச்சம்பலை ஒரு சின்னப் போத்தலில் அடைத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளிநாட்டாரை நம்பலாம், ஆனால் உறைப்பு விசயத்தில் இல்லை என்பது அவளுடைய கொள்கை.

ஓட்டோ தென்னங்காணி வாசலில் நின்றபோது பொழுது சரிந்துகொண்டிருந்தது. நடைபாதைக் கற்களுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சின்னராசாவின் கண் முதலில் போனது அதில்தான். விருந்தாளி வருகிற நேரத்தைக் கணித்துத் தெளித்த தண்ணீர், ஓடவுமில்லை, காயவுமில்லை. 'பரவாயில்லை' என்று மனதுக்குள் ஒரு புள்ளி போட்டார்.

வாசலிலேயே ஃபுமியே நின்றார். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனுசி, சாம்பல்நிறக் கிமோனோ. இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார். சின்னராசா அவரைவிட ஒரு சாண் அதிகமாகக் குனிந்தார். ஃபுமியே அதற்கும் கீழே போனார். விருந்தாளியை முந்தவிடாத ஆளைச் சின்னராசா வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தார். இன்னுமொருதரம் குனிய வெளிக்கிட்டவரை, "காணுமப்பா, முதுகு பிடிக்கப்போகுது" என்று விமலேஸ்வரி சேட்டில் பிடித்து நிமிர்த்தினாள்.

"பூமியம்மா நல்ல மரியாதையான மனிசி," என்றார் சின்னராசா. ஃபுமியே என்ற பெயர் அந்த வினாடியிலிருந்து அவர்கள் வாயில் பூமியம்மா ஆனது.

உள்ளே புற்பாய் விரித்த அறை. நிலத்தோடு பதிந்த மேசை. அதற்குக் கீழே கால் தொங்கவிடப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். சுவரில் ஒரே ஒரு சித்திரம், அதற்குக் கீழே ஒரே ஒரு தாமரை மொட்டு. "பூ வாங்கினது போதாமல் போச்சுதாக்கும்," என்று விமலேஸ்வரி கிசுகிசுத்தாள். ஆனால் அந்த ஒற்றை மொட்டை விட்டுக் கண்ணை எடுக்க அவளுக்கு நேரம் எடுத்தது. அன்று வேறு ஒரு மேசையில்தான் ஆட்கள் இருந்தார்கள்: கனடாவிலிருந்து வந்த ஒருவரும், கை நடுங்கும் அவருடைய வயதான தாயும்.

நீலக் கிமோனோவில், கொண்டை போட்டுக்கொண்டு, கஜனி வந்து முழங்காலில் இருந்தாள். சூடான ஈரத் துவாய்களை நீட்டினாள். சின்னராசா கையைத் துடைத்தார், முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். சேட்டின் மேல் தெறியைக் கழற்றி நெஞ்சைத் துடைக்க வெளிக்கிட்டபோது மேசைக்குக் கீழே விமலேஸ்வரியின் கால் அவருடைய காலைத் தேடிக் கண்டுபிடித்தது.

முதல் சாப்பாடு வந்தது. வயல் வரம்பு மாதிரி நீண்ட தட்டு. அதன் நடுவில், இரண்டு விரல் அகலத்தில், எள்ளில் செய்த வெள்ளைக் கட்டி ஒன்று. சின்னராசாவுக்கு விசயம் விளங்கிவிட்டது. கலியாணவீடுகளில் பந்தி தொடங்கமுதல் தலைமைச் சமையல்காரர் அவருக்கு இப்படித்தான் ஒரு துளி கொண்டுவந்து காட்டுவார். கட்டியை வாயில் போட்டார். கண்ணை மூடினார். நாக்குக்கு வேலையே வைக்காமல் அது தானாகக் கரைந்து போனது.

"உப்பு அளவு," என்று கஜனியிடம் பெருந்தன்மையாக அறிவித்தார். "போடச் சொல்லு."

"அப்பா, அதுதான் போட்டது."

"எது?"

"நீங்கள் சாப்பிட்டது."

சின்னராசா வெறும் தட்டைப் பார்த்தார். தர்மபுரத்தில் ஒரு தட்டு இவ்வளவு நேரம் வெறுமையாகக் கிடந்தால் பெண்வீட்டார் ஊரைவிட்டுப் போக வேண்டி வரும். ஆனால் கஜனி அந்தத் தட்டை எடுத்த விதம் அவரைப் பேசவிடவில்லை. இரண்டு கையாலும், உள்ளே இன்னும் ஏதோ இருப்பதுபோல எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்தது சூப். கறுத்தக் கிண்ணம், கறுத்த மூடி. மூடியில் பனிபோலத் தண்ணீர்த் துளிகள் தூவியிருந்தார்கள். "இந்தக் கிண்ணத்தை உங்களுக்கு முதல் ஒருத்தரும் திறக்கேல்லை எண்டு அர்த்தம் அப்பா," என்றாள் கஜனி. சின்னராசா மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் ஏறியது. கடல், புகை, தேசிக்காய்த் தோல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வணக்கம் சொல்லி, ஒதுங்கி நின்றன. உள்ளே பார்த்தால் வெறும் தண்ணீர். கிண்ணத்தின் அடி தெரிகிறது. குடித்தால் தண்ணீரில்லை. எந்த இடத்தில் ருசி தொடங்குகிறது என்று பிடிக்க முடியவில்லை, முடிந்தபிறகும் அது முடியவில்லை. சின்னராசா எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒரு குறை வைத்திருப்பவர். 'புளி தூக்கல்' என்றோ 'இன்னும் ஒரு கொதி வேணும்' என்றோ சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளம். வாயைத் திறந்தார். திறந்த வாயால் இன்னொரு மிடறு குடித்தார்.

அந்தக் கிண்ணம் முடியும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடத் திருமண வாழ்வில் அப்படி ஒரு அமைதியை விமலேஸ்வரி கண்டதில்லை. உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு பச்சை மீன் வந்தது. முல்லைத்தீவுக் கடலில் அன்று விடியப் பிடித்த அறக்குளா, ரோசாப்பூ இதழ்போலச் சீவியிருந்தது. விமலேஸ்வரியின் கை கைப்பைக்குள் போனது. "ஒண்டு சும்மா சாப்பிட்டுப் பாருங்கோ அம்மா," என்று கஜனி சொன்னதால், சம்பல் போத்தலைப் பிடித்தபடியே ஒரு துண்டை வாயில் வைத்தாள். சிறிது நேரத்தில் கை பையைவிட்டு வெளியே வந்தது. தன்னுடையதை முடித்துவிட்டுக் கணவனின் தட்டைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பச்சை மீன் ஒத்துவராது," என்றாள்.

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்," என்று அவருடையதில் இரண்டு துண்டை எடுத்துக்கொண்டாள்.

நாலாவதாகக் கஜனி ஒரு சுட்ட மீனைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் இன்னும் நீந்திக்கொண்டிருப்பதுபோல வளைந்து கிடந்தது. மேல்தோலில் உப்பு வெடித்திருந்தது.

"இது என்ன மீன்?"

"யப்பான் மீன், அப்பா."

சின்னராசாவுக்கு முகம் சுருங்கியது. திலாப்பியாவுக்குத்தான் அந்தப் பக்கத்தில் யப்பான் மீன் என்று பெயர். குளக்கட்டில் போய் நின்றால் பையில் போட்டுத் தருவார்கள். சேற்று மணத்தைக் கொல்லக் கொஞ்சம் மிளகாய்த்தூளும் நிறைய மன உறுதியும் வேண்டும். "யப்பான்காரன்ரை விருந்திலை எங்கட குளத்து யப்பானோ?" என்றார்.

கஜனிக்குச் சிரிப்பு வந்தது. "ஒடா ஐயா வந்த புதுசிலை குளக்கட்டிலை நிண்டவராம். மீன்காரர் எல்லாரும் கூடையைக் காட்டி 'யப்பான், யப்பான்' எண்டு கத்தியிருக்கினம். தன்னை வரவேற்கினம் எண்டு நினைச்சு இவர் கூடைக்குக் கும்பிட்டிருக்கிறார்."

"பேந்து?"

"விசயம் தெரிஞ்ச பிறகு, தன்ரை நாட்டுப் பேரை வைச்சிருக்கிற மீனைச் சேறு மணக்க விடேலாது எண்டு நிண்டிட்டார். நல்ல தண்ணியிலை விட்டு, பட்டினி போட்டு, என்னென்னவோ செய்து பாத்தவர். இந்த ருசி வர ஒரு வரியம் எடுத்தது."

"யப்பானிலை இந்த மீன் இருக்கோ?" என்று விமலேஸ்வரி கேட்டாள்.

"இது ஆபிரிக்கா மீனம்மா. பேர்தான் யப்பான். பிறந்தது வளந்தது எல்லாம் இரணைமடு."

"அப்ப உங்கட அப்பாவைப் போலை."

சின்னராசா பிறந்தது தர்மபுரத்தில். அவருடைய தகப்பன்தான் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டால் சின்னராசா யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொல்லுவார். அந்தக் கிராமத்தில் அவர் மொத்தமாக நின்றது இரண்டு செத்தவீட்டுக்கு. மனைவிக்குப் பதில் சொல்லாமல் மீனைப் பிட்டார். வெண்மையாக, பூப்போல விட்டுக்கொடுத்தது. சேற்று மணத்தைத் தேடிக்கொண்டு வயிற்றுப்பக்கம் போனார், முதுகுப்பக்கம் போனார், கடைசியில் கன்னத்துச் சதைக்கும் போனார். மணம் எங்கும் அகப்படவில்லை. மீன்தான் முடிந்துவிட்டது.

இதற்கிடையில் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார். வாளி தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் விறைத்துப்போனது. கையை எட்டி நீட்டினால் நோகும். அதை அவர் வெளியில் காட்டுவதில்லை. முதல் தட்டை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் முகம் சுளித்திருப்பார். மீன் வந்தபோது தட்டு அவருக்கு ஒரு சாண் கிட்ட வந்திருந்தது. தேநீர்க் கோப்பை இடதுபக்கம் மாறியிருந்தது.

"தோள் கதையைச் சொன்னனியோ?" என்று மகளைக் கேட்டார்.

"இல்லையப்பா. பூமியம்மாதான் கண்டவா."

சின்னராசா நிமிர்ந்து இருந்தார். இவ்வளவு நேரமும் அவர் சாப்பிட வந்தவர். இனிமேல் தொழில்காரர். ஃபுமியே எங்கே நிற்கிறார், எப்போது வருகிறார் என்று கவனிக்கத் தொடங்கினார். ஆள் கண்ணில் படவே இல்லை. ஆனால் கோப்பையில் தேநீர் குறைகிற நேரத்துக்கு அவருடைய கை அங்கே இருந்தது. சத்தமில்லை, ஓட்டமில்லை, "சோறு! சோறு!" என்ற கூப்பாடில்லை. சாப்பிடுகிறவனின் வாயைப் பார்க்காமல் அவனுடைய விரலைப் பார்த்துப் பரிமாறுகிற பெண். தான் நாற்பது பேர் பந்தியில் தொண்டை கிழியச் செய்கிற வேலையை இந்த மனுசி மூச்சு விடுகிற சத்தத்தில் செய்து முடிக்கிறார் என்று சின்னராசாவுக்குப் பட்டது. பொறாமைப்படலாமா என்று யோசித்தார். ஆனால் அதற்குள் மரியாதை வந்து இடத்தைப் பிடித்துவிட்டது.

அப்போதுதான் மற்ற மேசையையும் பார்த்தார். கை நடுங்கும் அந்த வயோதிப அம்மாவுக்குக் கஜனி சூப் கொண்டுபோனாள். மகனுக்கு வைத்தது எல்லாருக்கும் வைக்கிற கிண்ணம். தாய்க்கு வைத்தது அகலமான, பாரமான கிண்ணம், அதில் பாதிதான் சூப். அந்த அம்மா ஒரு துளி சிந்தாமல் குடித்தார். முடிந்ததும் மிச்சப் பாதி சூடாக வந்தது. அந்த அம்மாவுக்கோ பக்கத்திலிருந்த மகனுக்கோ என்ன நடந்தது என்று தெரியவில்லை. கை நடுங்குகிறது என்பதை அன்று அந்த அறையில் ஒருவரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

சின்னராசா விமலேஸ்வரியைப் பார்த்தார். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை இவளிட்டை ஒரு தேத்தண்ணி கேட்டால் மூண்டுதரம் கூப்பிட வேணும்," என்றாள் விமலேஸ்வரி.

கடைசியில் சோறு வந்தது. ஃபுமியே மண்சட்டியை அவர்களுக்கு முன்னாலேயே திறந்தார். காளான் போட்டு ஆக்கிய சோறு. சாடையாகப் புகைந்த மணம். முதல் கிண்ணம் முடிந்ததும் அவர் மரக்கரண்டியைச் சட்டியின் அடியில் விட்டு, பொன்னிறமாகப் பிடித்திருந்த அடிச்சோற்றைப் பக்குவமாகக் கிளப்பினார். சின்னராசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அடிச்சோற்றில் ஆசை. கலியாணமான நாள்முதல் அது வீட்டு நாய்க்குத்தான் போகிறது. இங்கே அதை ராசமரியாதையோடு கரண்டியில் ஏந்தி, ஃபுமியே அவருடைய கிண்ணத்தை நோக்கிக் கொண்டுவருகிறார். சின்னராசாவுக்கு நாவூறியது. ஆகவே முறைப்படி கிண்ணத்தின்மேல் குறுக்கே கையை வைத்து, "காணும், காணும்!" என்றார்.

காணும் என்றால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள். பந்தியில் கணக்கு வேறு. முதலாவது காணும் என்றால் வணக்கம். இரண்டாவது காணும் என்றால் கறி திறம். இலைக்கு மேலே குறுக்கே விழுந்து கத்துகிற மூன்றாவது காணுமுக்குத்தான் பள்ளிக்கூடத்து அர்த்தம் கொஞ்சம் ஒட்டும். அதையும் சின்னராசா ஒருநாளும் ஏற்றுக்கொண்டது கிடையாது.

ஃபுமியேக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொல் தெரியும். அதில் ஒன்று காணும். அவர் மலர்ந்த முகத்தோடு தலையைக் குனிந்து, அடிச்சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் வைத்து, மூடியை மூடி, எடுத்துக்கொண்டு எழும்பினார். சின்னராசாவின் கண்கள் சட்டிக்குப் பின்னாலேயே குசினி வாசல்வரைக்கும் போய், வாசல் மூடியதும் தனியாகத் திரும்பி வந்தன.

"எங்கை கொண்டு போறா?"

"நீங்கள்தானே காணும் எண்டனீங்கள்?" என்றாள் கஜனி.

"காணும் எண்டால்..."

"அப்பா, இஞ்சை காணும் எண்டால் காணும்."

விமலேஸ்வரி சிரிப்பை அடக்கத் துவாயால் வாயைப் பொத்தினாள். சின்னராசா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு கவலை வந்திருந்தது. அது அடிச்சோற்றுக் கவலை இல்லை.

'இல்லை' என்ற சொல்லும் 'காணும்' வீட்டுப் பிள்ளைதான். அவர் ஒரு 'இல்லை'யோடு வந்திருந்தார். வெறும் இல்லை அல்ல, ஊர் வழக்கப்படியான முழு இல்லை. முதலில் அவர் மறுப்பார். அவர்கள் கெஞ்சுவார்கள். மறுப்பார். அவர்கள் பெரிய மனுசர் யாரையாவது வீட்டுக்கு அனுப்புவார்கள். விமலேஸ்வரி ஒருநேரம் சாப்பிடாமல் இருப்பாள். கடைசியில் கையை விரித்து, "எல்லாரும் சேந்து சொல்லுறியள், பேந்து நான் என்ன சொல்லிறது" என்று அவர் இறங்கி வருவார். பிள்ளையை விட மனமில்லாத தகப்பன் என்ற பெயரும் நிற்கும், பிள்ளையும் போய்விடும். இப்படியெல்லாம் அவர் திட்டம் போட்டதாகச் சத்தியமாக அவருக்கே தெரியாது. ஆனால் 'இல்லை' என்று தீர்மானித்த அதே கிழமை, கிளிநொச்சிச் சந்தையில் கம்பளிச் சுவெற்றர் இருக்கிறதா என்று விசாரித்து, அந்த வெயிலில் கடைக்காரனைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான்.

இந்த வீட்டில் அந்த 'இல்லை'க்கு என்ன நடக்கும் என்று சட்டி போன வழியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

தேநீர் வந்தது. ஒடாவும் குசினியிலிருந்து வந்து, கையை மடித்து ஒரு பக்கமாக இருந்தார். அகலமான முகம், எரிந்த தழும்புள்ள விரல்கள். ஃபுமியே நேராக இருந்து, யப்பானிய மொழியில் மெதுவாக, நீளமாகப் பேசினார். பேசி முடித்ததும் எல்லாரும் கஜனியைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை.

"கஜனியை மூண்டு வரியம் தன்ரை தாய்வீட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக விருப்பமாம்," என்றாள் கஜனி, யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. "தன்ரை பிள்ளை மாதிரி வைச்சிருப்பாவாம். தன்ரை வேலை முழுக்கப் பழக்குவாவாம். ஒரே பிள்ளையைக் கேக்கிறது பெரிய விசயம் எண்டு தெரியுமாம். உங்களுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் இப்ப மொழிபெயர்க்கிறன் அப்பா."

சின்னராசா தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்துவந்த வசனம் தானாகவே வரத் தொடங்கியது. "பொம்பிளைப் பிள்ளை. தனிய. குளிர் வேற. எங்களுக்கும் வயசு போகுது..."

"அப்பிடியே சொல்லவோ?"

"பொறு."

கஜனி பொறுத்தாள். ஃபுமியேயும் பொறுத்தார். அந்த அமைதியில் ஒருவரும் அவரை ஒரு சொல்லால்கூடத் தள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் இப்ப இல்லை எண்டால்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தலையைக் குனிஞ்சு நன்றி சொல்லிப்போட்டு விட்டிடுவா."

"பேந்து ஒருக்கா கேக்க மாட்டாவோ?"

"கேட்டால் உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறன் எண்டு நினைப்பா."

"விசர் மனிசி," என்றார் சின்னராசா, மிகுந்த மரியாதையோடு. "இதைச் சொல்லாதை."

விமலேஸ்வரி பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். வேறு நாளென்றால் இந்த இடத்தில் அவள் ஒரு பெருமூச்சாவது விட்டுக் கொடுத்திருப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கியிருப்பார். மற்ற மேசையில் அந்த வயோதிப அம்மா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, யாருடைய உதவியும் இல்லாமல், தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சின்னராசா கொஞ்ச நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லு," என்றார்.

கஜனி அசையவில்லை.

"சொல்லன்."

"அப்பா, உண்மையாவோ?"

"நீ மொழிபெயர்க்கிற ஆள். கேள்வி கேக்கக்கூடாது."

கஜனி ஃபுமியே பக்கம் திரும்பினாள். "ஹாய்," என்றாள். யப்பானிய 'ஓம்' அது. அவ்வளவுதான். தன் வாழ்க்கையிலேயே பெரிய விட்டுக்கொடுப்பு ஒரே மூச்சில் முடிந்துபோனதைச் சின்னராசா நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவாகச் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் இழுத்தாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபுமியேக்கு அது காணும். அவர் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி கீழே தொடக் குனிந்தார். பக்கத்தில் கஜனியும் அதேபோலக் குனிந்தாள். மேலேயிருந்து பார்க்கும்போது இரண்டு கொண்டைகளும் ஒரேமாதிரி இருந்தன. தன்னுடைய பிள்ளை எது என்று அவருக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு நீலக் கிமோனோவின் தோள் குலுங்கியது. அதை வைத்துக் கண்டுபிடித்தார்.

அடுத்தநாள் காலை தர்மபுரம் சந்தியில் பொன்னையாவின் தேத்தண்ணிக் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யப்பான்காரன் வீட்டு விருந்து பற்றிக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு. சின்னராசா வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, பொருத்தமான முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் மாட்டன் எண்டிட்டன். மனிசி காலைப் பிடிக்காத குறை. 'உங்கட பிள்ளையைத் தாங்கோ, தாங்கோ' எண்டு புருசனும் பெண்சாதியும் ஒரே அழுகை. இனி என்ன செய்யிறது?"

"எத்தினை தரம் கேட்டவை?"

"எண்ணேல்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தவை."

கூட்டம் திருப்தியாகத் தலையாட்டியது. முறையான சம்மதம் என்றால் அப்படித்தான். ஆட்கள் கலைந்த பிறகு, பொன்னையா இரண்டாவது தேத்தண்ணியை ஆற்றி வைத்துக்கொண்டே கேட்டார். "எப்பிடியெண்டாலும் அண்ணை, உங்களுக்கு மனசுக்குச் சரிதானே?"

இந்தக் கேள்விக்கு ஊரில் பதில் தயாராக இருக்கிறது. 'ஓமோம், அதுக்கென்ன' என்பது அந்தப் பதில். கேட்கிறவனும் அதற்குத்தான் கேட்பான். சின்னராசா அதைச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தேத்தண்ணியை வாங்கில் வைத்தார்.

"இல்லை," என்றார்.

"சும்மா விடுங்கோ அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ..." என்று பொன்னையா முறைப்படி தொடங்கினார்.

"பொறு. இல்லையெண்டால் இல்லைதான் பொன்னையா. வீடு வெறிச்சுப்போகும். எனக்குச் சரியில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவள் அங்கை பரிமாறினதை நீ பாக்கேல்லை. நான் பாத்தனான். அவள் போக வேணும்."

பொன்னையா ஆற்றுகிற கோப்பையோடு அப்படியே நின்றார். இந்த இடத்தில் சொல்வதற்கு ஊரில் வசனம் எதுவும் இல்லை. அதனால் தானும் ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து வாங்கில் பக்கத்தில் இருந்தார்.